ஹான்ஃபோர்டு கழிவு மாடல்: வேகம் போதுமானதாக இருந்தும் குழாய் அடைக்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஹான்ஃபோர்டில், புளுடோனியம் தயாரித்த காலத்துக் கதிரியக்கக் கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில் சேர்ந்தது. அதை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் குழாய் வழியாக மாற்றும்போது அடைபடுவதைக் கணிக்கும் மாடல்தான் என் எம்.டெக். புராஜெக்ட். 3 அங்குலக் குழாய், வேகம் நொடிக்கு 1.8 மீட்டர். துகள் படியாமலிருக்கத் தேவையான வேகத்தை ஒரோஸ்கர்-டூரியன் சமன்பாட்டில் போட்டால் இதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் கதிரியக்கமில்லாத போலிக் கரைசலை லேபில் ஓட்டினால், குளிரும் பகுதி தாண்டியதும் அடைத்துக்கொள்கிறது. எதைச் சரிபார்க்கணும்?

மறுமொழி 1:
கரைசலில் பாஸ்பேட் இருக்கிறதா? உள்ளே, வெளியே வெப்பநிலை என்ன?

கேட்டவர்:
இருக்கிறது சார். 50 டிகிரியில் போய் 25-ல் வருகிறது.

மறுமொழி 1:
அப்படியானால் அடைப்பது நீங்கள் கலந்த துகள் இல்லை, வழியில் உண்டாகும் படிகம். டிரைசோடியம் பாஸ்பேட் சூடு தணியத் தணிய வெளியே வந்துவிடும். ஒவ்வொரு மூலக்கூறும் 12 நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு படிகமாவதால் மிச்சத் திரவமும் கெட்டியாகும். ஊசி ஊசியான படிகங்கள், வைக்கோல் போர் மாதிரி பின்னிக்கொண்டு ஜெல்லாகிவிடும். உங்கள் கணக்கிலேயே பாருங்கள்: அடர்த்தி கனமீட்டருக்கு 1,300 கிலோ, பாகுநிலை (திரவத்தின் கெட்டித்தன்மை) 5 மில்லிபாஸ்கல்-நொடி என்றால், ஓட்டம் கொந்தளிப்பா சீரானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 36,000 வரும்; அவ்வளவு என்றால் நல்ல கொந்தளிப்பு. பாகுநிலை 100 ஆனால் 1,800 சொச்சம்தான், ஓட்டம் சீராகிவிடும். கொந்தளிப்பு போய்விட்டால் துகளைத் தூக்கிச் செல்ல எதுவுமில்லை. அந்தச் சமன்பாடு கொந்தளிப்பான ஓட்டத்துக்கானது, இங்கே செல்லாது.

மறுமொழி 2:
சார் சொல்வது சரி. வேதிச் சமநிலைக் கணக்கை முதலில் போடுங்கள். ஹான்ஃபோர்டு ஆய்வுகளில் இதற்கு ஓஎல்ஐ நிறுவனத்தின் இஎஸ்பி மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். எந்த வெப்பநிலையில் எவ்வளவு திடம் வருகிறது என்று எடுத்து, அதிலிருந்து பாகுநிலையைக் குழாய் நெடுக மாற்றிக்கொண்டே போங்கள். ஒரே எண்ணை வைத்தால் அடைப்பு மாடலில் தெரியவே தெரியாது.

கேட்டவர்:
நன்றி. தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்தால் போதுமா?

மறுமொழி 2:
பாஸ்பேட்டுக்கு நல்லது, சோடியம் குறைந்தால் அது கூடுதலாகக் கரையும். ஆனால் வெறும் தண்ணீரால் காரம் இறங்கினால் கழிவில் கரைந்திருக்கும் அலுமினியம் கிப்சைட்டாக (அலுமினியம் ஹைட்ராக்சைடு படிகம்) படியும். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர் பாருங்கள். அதையும் அளவு மீறிப் போட்டால் அதிலுள்ள சோடியமே பாஸ்பேட்டைத் திரும்பப் படிய வைக்கும், பாஸ்பேட், அலுமினியம் இரண்டையும் கணக்கில் சேர்த்தே ஓட்டுங்கள். பம்ப் நின்றபின் குழாய் குளிர்வதையும் மாடலில் சேருங்கள். அங்கே குழாய்கள் மண்ணுக்கடியில்; அடைத்தால் ஆளை இறக்கி வெட்டியெடுக்கும் இடமில்லை அது.