சைக்கிளுக்குப் பின்னால் சாமான் வண்டி: கட்டலாமா, வேண்டாமா?

உச்சிப்புளிக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு உச்சிப்புளியிலிருந்து தென்கடல் பக்கம் 4 கிலோமீட்டர் உள்ளே. கடைசி அரை கிலோமீட்டர் பனங்காட்டு மணல் பாதை. மாசம் ஒருதடவை ரேஷன் அரிசி 20 கிலோ, வாரம் ரெண்டு தடவை 20 லிட்டர் தண்ணி கேன், கூடவே மளிகை, காய்கறி. தங்கச்சி பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள்தான் வீட்டில் இருக்கு. கேரியர்ல கேனைக் கட்டினா முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடுது. போன வாரம் கேனோட சாஞ்சு முழங்கை பேந்துபோச்சு.

அதனால பின்னால இழுக்கிற ரெண்டு சக்கர வண்டி ஒண்ணு செய்யப்போறேன். சின்னப்பிள்ளைங்க சைக்கிளோட 16 இஞ்ச் சக்கரம் ரெண்டு கிடக்கு. ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்ல 3 அடிக்கு 2 அடி சட்டம். சக்கரத்தைச் சட்டத்துக்கு வெளியே ஒருபக்க நட்டுல மாட்டி, இழுக்கிற கம்பியை சீட்டுக்குக் கீழே கட்டலாம்னு இருக்கேன். சரிவருமா?

மண்டபம் பட்டறை
தம்பி, வண்டி செய். ஆனா நீ கடைசியா சொன்ன ரெண்டையும் மாத்து.

சைக்கிள் ஆக்சில் ரெண்டு முனையிலும் தாங்கல் இருக்கும்னு நம்பிச் செஞ்சது. ஒருபக்கம் மட்டும் பிடிச்சு மறுபக்கம் அந்தரத்துல விட்டா, பளு ஏறின முதல் பள்ளத்துலயே மரை வெட்டின இடத்துல வளையும். அப்புறம் ஆக்சில்ல இருக்கிற கோன் இறுகி, உள்ளே உருள்ற பால்ரஸ் குண்டு உடையும். நான் பார்த்தே இருக்கேன். சக்கரத்துக்கு வெளியேயும் ஒரு பைப்பை ஓட்டு. முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை, அதான் பழைய ஃபோர்க், அதோட முனையில ஆக்சில் உட்கார்ற காடி இருக்குல்ல, அதை நாலு எண்ணம் அறுத்து ரெண்டு பக்கமும் பத்தவச்சா, பஞ்சர் ஆனாலும் நட்டைத் தளர்த்தி சக்கரத்தை உருவிடலாம்.

அடுத்து சீட்டு. அவ்வளவு உயரத்துல கட்டினா பிரேக் பிடிக்கும்போது பின்பளு மேலேயிருந்து தள்ளும். திருப்பத்துல பிடிச்சா பின்சக்கரம் பக்கவாட்டுல போகும். பின் ஆக்சில் பக்கத்துல, செயின் இல்லாத இடதுபக்கம் கட்டு. இணைப்புக்கு உள்ளே நூல் வச்ச கனமான ரப்பர் ஹோஸ் துண்டு ஒரு சாண் போதும். சைக்கிள் எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஹோஸ் முறுக்கிக்கும், வண்டி நேரா நிக்கும். அது அறுந்தா தாங்குறதுக்கு நைலான் கயிறு ஒண்ணைத் தனியா கட்டிடு.

பாம்பன் காத்து
அண்ணே, பட்டறை வேலையில உங்களை நான் மறுக்கல. ஆனா இந்தக் கரைக்கு ரெண்டு சக்கர வண்டியே ஒத்துவராது. மூணு காரணம் இருக்கு.

மணல்ல சைக்கிள் போனா ஒரே தடம். இந்த வண்டி வந்தா மூணு தடம். சைக்கிள் அமுக்கின மண்ணுல வண்டிச் சக்கரம் ஓடாது, ரெண்டும் புது மண்ணைக் கிழிக்கும். அதுவும் ஒல்லி டயர். இறங்கித் தள்ளத்தான் வேணும்.

அடுத்து கருவ முள். ரெண்டு டியூப்புக்குப் பதிலா நாலு டியூப்.

மூணாவது காத்து. பாம்பன் பழைய ரயில் பாலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலையே நிறுத்தினாங்க. ஆடி மாசக் கச்சான் காத்துல நம்ம ரோட்டுப் பாலத்துல வெறும் சைக்கிள்ல போனவனுக்குத் தெரியும், ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சாலும் சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தாண்டி பஸ் பக்கம் போகும். அதுல பின்னாடி ஒரு பெட்டியை இழுத்தா? பாலம் நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் இறங்குது. இறக்கத்துல வண்டியும் சாமானுமா பிரேக் இல்லாத 60 கிலோ முதுகுல தள்ளும். ஒரு சக்கர வண்டியாவது செய்யுங்க, ஒரே தடத்துல வரும், பனங்காட்டு ஒத்தையடிப் பாதையிலயும் நுழையும்.

தொண்டி டீச்சர்
எனக்கு வண்டியே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. 20 லிட்டரை ஒரே கேனில் வாங்குவதால்தானே தம்பி சாய்ந்தார்? 10 லிட்டர் கேன் இரண்டை கேரியரின் இரு பக்கமும் தாழத் தொங்கவிட்டால் எடை அச்சு மட்டத்துக்கு இறங்கிவிடும். நான் பதினோரு வருடமாக இப்படித்தான் கொண்டுவருகிறேன். குதிகால் இடிக்காமல் கொஞ்சம் பின்தள்ளிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

உச்சிப்புளிக்காரன்
டீச்சர், தண்ணிக்கு நீங்க சொல்றது சரி. அரிசியும் தண்ணியும் மளிகையும் ஒரே நடையில வரணும்னாதான் சிக்கல். 50 கிலோ வந்துடும். வெயில்ல மூணு நடை அம்மாவால முடியாது, நானும் வேலைக்குப் போயிடுவேன். அம்மாவும் ஓட்டணும், அதுதான் எனக்கு முக்கியம்.

பாம்பன் அண்ணே, நான் பாலத்துக்கே வரமாட்டேன். உச்சிப்புளி சந்தையோட சரி.

மண்டபம் பட்டறை
அம்மா ஓட்டணும்னா ஒரு சக்கர வண்டி கூடவே கூடாது. அதுல பளு சாயும்போது சைக்கிளையும் சேர்த்துச் சாய்க்கும். நிறுத்தி ஏத்தி இறக்கும்போது ரெண்டையும் ஒருத்தரே தாங்கணும். ரெண்டு சக்கரம்னா தானா நிக்கும்.

காத்துக்குப் பயந்தா பெட்டி செய்யாதே, தார்ப்பாயும் போடாதே. அடியில மட்டும் பலகை. பக்கமெல்லாம் திறப்பு, மேலே பழைய வலையைப் போட்டு இழுத்துக் கட்டு. காத்து ஊடால போயிடும். பலகையைச் சக்கர அச்சு மட்டத்துக்கும் கீழே தொங்கவிடு. கேனை நடுவுல, அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி வை. கணக்கு இதுதான்: அச்சுலருந்து இணைப்பு வரை 120 சென்டிமீட்டர், 50 கிலோவோட நடுப்புள்ளி அச்சுக்கு 12 சென்டிமீட்டர் முன்னாடி இருந்தா சைக்கிள் மேல 5 கிலோதான் உட்காரும். அது போதும், அது வேணும். பளு அச்சுக்குப் பின்னாடி போச்சுன்னா சைக்கிளோட பின்சக்கரத்தைத் தூக்க ஆரம்பிக்கும், அப்ப பிரேக்கும் இல்லை, மிதியும் இல்லை.

ஜி.ஐ. பைப் வாங்கினா பத்தவைக்கிற இடத்துல துத்தநாகப் பூச்சை நல்லா அரத்தால தேய்ச்சு எடுத்துடு. அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, ராத்திரி காய்ச்சல் வரும். பத்தவச்ச இடத்துல அன்னைக்கே பிரைமர் அடி. உப்புக்காத்து மறுநாள் வரைக்கும் காத்திருக்காது. பைப் முனையையெல்லாம் அடைச்சு, அடியில சின்னதா ஒரு ஓட்டை விடு. உள்ளே தங்குற ஈரம்தான் வெளியே தெரியாம அரிக்கும்.

பாம்பன் காத்து
வலை விஷயம் நல்லாருக்கு. எங்க வீட்டிலேயே பழசு கிடக்கு, ஆள் அனுப்பினா தர்றேன் தம்பி.

ஆனா மணலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. 16 இஞ்ச் சக்கரம் பள்ளத்துலயும் மணல்லயும் பெரிய சக்கரம் மாதிரி ஏறாது, புதையும். 60 கிலோவை அம்மா அரை கிலோமீட்டர் எப்படி இழுப்பாங்க?

மண்டபம் பட்டறை
சின்ன சக்கரத்துக்கு போக்ஸ் கம்பி குட்டை, பக்கவாட்டு அடி தாங்கும். இந்த வண்டி திருப்பத்துல சாயாது, அதனால அடியெல்லாம் பக்கவாட்டுலதான் விழும். 26 இஞ்ச் போட்டா ரிம் எட்டு மாதிரி வளையும். டயர் மட்டும் இருக்கறதுலயே அகலமா பார்த்துப் போடு, காத்தைக் கொஞ்சம் குறை. ஆனாலும் மணல்ல கஷ்டம்தான். அதை மறைக்க மாட்டேன்.

உச்சிப்புளிக்காரன்
மணல் ஆரம்பிக்கிற இடத்துல பெரியப்பா வீடு. அங்கேயே வண்டியைக் கழட்டி நிறுத்திட்டு, அரிசியை அங்க வச்சு சாயங்காலம் நான் வந்து எடுத்துக்கலாம். அம்மா 10 லிட்டர் கேன் ரெண்டை மட்டும் டீச்சர் சொன்ன மாதிரி கேரியர்ல தொங்கவிட்டுத் தள்ளிக்கிட்டு வரலாம். அதனால இணைப்பு கையால கழட்டுற மாதிரி இருக்கணும். ஸ்பானர் தேவைப்படக்கூடாது.

மண்டபம் பட்டறை
ஒரு போல்ட்டும் அதுல குறுக்கே ஆர் பின்னும், அதாவது கையால உருவுற வளைஞ்ச கம்பியும், போட்டா முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை பைப்பைத் தூக்கிட்டு வா, ஃபோர்க் முனை என்கிட்ட இருக்கு.

பாம்பன் காத்து
வெளிப்பக்கத் தாங்கலைப் பத்தவச்சதும் படம் போடு தம்பி. முதல்ல 20 கிலோ வச்சு ஓட்டிப் பாரு, அம்மாகிட்ட அப்புறம் கொடு. பாலத்துக்கு மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல.