'கிக்பேக்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கொடுக்க ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கிக்பேக்' மட்டும் இடிக்கிறது. வேலை கொடுப்பதற்கோ வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி ஊழியரிடமே பணம் வாங்குவது. வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வரைவில் யாரோ 'கையூட்டு' என்று போட்டிருக்கிறார்கள். மனசு ஒப்பவில்லை.
– க.

அக்கா, கையூட்டு வேண்டவே வேண்டாம். அதில் கொடுத்தவனும் குற்றவாளி. படிக்கிற தம்பி 'நானும்தானே கொடுத்தேன்' என்று பயந்து புகார் செய்யவே மாட்டான். 'பின்பணம்' சரிவருமா?
– செ.

பின்பணம் என்றால் பாக்கிப் பணம் மாதிரி இருக்கிறது.
– நூ.

அன்புடையீர்,
வள்ளுவர் நமக்கு வேலை மிச்சம் வைக்கவில்லை. 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.' ஆட்சிக் கோலைக் கையில் வைத்திருப்பவன் கேட்டால் அது பிச்சை அல்ல, வழிப்பறி. பெர்மிட்டைக் கையில் வைத்திருப்பவன் கேட்பதும் அதுவே. ஆகவே 'கோலிரவு'. இர, அதாவது பிச்சை கேள், என்னும் பகுதியிலிருந்து இரவு, தொழிற்பெயர். கோலொடு இரவு என விரியும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்றும் கொள்ளலாம். செங்கோல், துலாக்கோல், எழுதுகோல் அனைத்திலும் கோலுக்கு நேர்மைப் பொருளே அடிப்படை. அது வளைந்தால் கொடுங்கோல். இதைத் தனி மடலில் விரிக்கிறேன்.
– இரா.

ஐயா, குறள் பிரமாதம். ஆனால் துவாஸ் தொழிற்பேட்டையில் போய் 'கோலிரவு' என்றால் நைட் ஷிஃப்ட் என்றுதான் நினைப்பார்கள்.
– செ.

தம்பி, புழங்கினால் புரியும். ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 'மத்திய சேம நிதி' என்று வைத்தார்களே, முதல் நாளே புரிந்ததா?
– இரா.

அதையும் பாதிப் பேர் இன்னும் 'சிபிஎஃப்' என்றுதான் சொல்கிறார்கள், ஐயா.
– நூ.

நான் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எடுப்பவன். வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். எல்லார் வாயிலும் வந்தது 'ரினிவல் காசு'. சம்பளம் ஒழுங்காகக் கணக்கில் ஏறிவிடும், காகிதத்தில் குறையே தெரியாது. அப்புறம் சூப்பர்வைசர் ஏடிஎம் வரை கூடவே வருவார். எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும், ரசீது கிடையாது. கேட்டால் 'லெவி ஏறிப்போச்சு' என்பார். லெவி என்பது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தொகை. அதை ஊழியர் தலையில் கட்டுவதும் சட்டப்படி கூடாது.
ஆனால் 'காசு' என்று மொட்டையாகப் போட்டால் ஏஜென்ட் காசோடு குழம்பும். இங்கே உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று, அதிகபட்சம் 2 மாதச் சம்பளம் வரை கட்டணம் வாங்கலாம். அதற்கு அனுமதி உண்டு, இதற்கு ஒரு காசுக்கும் இல்லை. சொல்லைப் பார்த்ததும் அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.
– ப.

அப்படியானால் 'வேலைக்கப்பம்'? இலங்கைச் செய்திகளில் கப்பம் என்றாலே மிரட்டிப் பறிப்பதுதான். கொடுத்தவன்மேல் பழி வராது.
– நூ.

கப்பம் தெலுங்கிலும் கன்னடத்திலும் உண்டு. தமிழில் 'திறை' இருக்க அது எதற்கு?
– இரா.

திறை என்றால் திரை என்று படித்து சினிமாவுக்குப் போய்விடுவார்கள். கப்பத்துக்கு என் ஓட்டு.
– செ.

ஒரு சிக்கல். சேர்த்து எழுதியதை என் வகுப்பில் ஒருவர் 'வேலைக்கு அப்பம்' என்று படித்துவிட்டார். வேலைக்கு வந்தால் அப்பம் தருவார்களா என்று வகுப்பே சிரிக்கிறது.
– ப.

இலக்கணப்படி அவர் பிரித்ததில் பிழையே இல்லை! 'வேலைக்கு' என்பதன் கடைசி உகரம் உயிர் வந்ததும் மறைந்தது; உக்குறள் மெய்விட்டோடியது. தேக்கா சந்தையில் கிடைப்பது அப்பமா ஆப்பமா என்பது வேறு விவாதம்.
– இரா.

நன்றி எல்லாருக்கும். இடைவெளி விட்டு 'வேலைக் கப்பம்' என்று போடுகிறேன். அடியில் 'ரினிவல் காசு என்று கேட்டாலும் இதுதான். கொடுத்ததற்காகப் பயந்து புகார் செய்யாமல் இருக்காதீர்கள்' என்று ஒரு வரி. கோப்பு இன்று இரவே போகிறது.
– க.

இன்றிரவா? சரி. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: ஒரு கருத்துக்கு ஒரு சொல், நடுவில் ஓட்டை கூடாது. அது இருக்கட்டும், 'லெவி'க்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? தீர்வை என்றால் எனக்கு உடன்பாடில்லை.
– இரா.