புதுப்பிப்பு: அம்மாவின் இடியப்பம் பற்றிக் கேட்டிருந்தேன்

போன மாதம் அம்மா தவறியபோது, கொழும்பு வெள்ளவத்தையில் அவரிடம் இடியப்பம் வாங்கியவர்கள் நினைவிருப்பதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். நேற்று 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. உங்கள் பதில்களை என் மகள் அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்து வாசித்தாள்.

1983 கலவரத்தில் கப்பலேறி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை போய், பிறகு கொழும்புக்கே திரும்பியவர் அம்மா. விடிய மூன்று மணிக்கு மா பிழிவார். 2022இல் காஸ் இல்லாதபோதும் முற்றத்தில் விறகு மூட்டி அவித்தார். அது எனக்குத் தெரியும். ஆனால், பக்கத்து ஒழுங்கையில் தங்கிப் படித்த ஒரு பெடியனிடம் அந்த வருடம் முழுக்கக் காசே வாங்கவில்லையாம். "சோதனை முடியட்டும் தம்பி, பிறகு பார்ப்பம்" என்றாராம். அந்தப் பெடியனே இதை எழுதியிருக்கிறார். அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசித்துவிட்டு நெடுநேரம் அழுதேன்.

அப்புறம், இடியப்பத்தோடு அம்மா தந்த சொதியின் (தேங்காய்ப்பால் குழம்பு) பக்குவம் கேட்டவர்களுக்கு: வெந்தயம் கொஞ்சம் கூட. தேசிக்காய்ப் புளி, இறக்கிய பிறகுதான்.