பழனி ரோப் கார்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு காலையில் போய் மதியம் திரும்ப முடியுமா?

பொள்ளாச்சி ரோடு:
எல்லோருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை கோவையிலிருந்து காரில் பழனி போறோம். சாயங்காலம் வீட்டில் ஒரு விசேஷம், அதனால் மதியம் 2 மணிக்குள் பழனியை விட்டுக் கிளம்பியாகணும். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பாங்க, படி என்றால் பத்துக்கு மேல் தாங்காது. பையனுக்கு 8 வயது, ரோப் கார்தான் வேணும்னு நிக்கிறான். ரோப் காரா, விஞ்சா? எத்தனை மணிக்கு அங்கே இருக்கணும்? செருப்பு, போன் எல்லாம் எங்கே வைப்பது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிரிவீதி:
எதில் ஏறுவது என்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்க. அந்தச் சனிக்கிழமை கிருத்திகையோ சஷ்டியோ பெரிய முகூர்த்தமோ வந்தால் உங்க 2 மணிக் கணக்கு நடக்காது. தைப்பூசம், பங்குனி உத்திரம் சொல்லவே வேண்டாம். அக்னி நட்சத்திரக் கழு என்ற விழா நடக்கும் சித்திரை கடைசி 7 நாள், வைகாசி முதல் 7 நாள், ஐயப்பமார் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் அரை நாளில் முடிக்கலாம் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. இதில் எதுவும் இல்லாத சனிக்கிழமை என்றால் தாராளமாக முடியும்.

கோவையில் 4:30-க்கு வண்டியை எடுத்தால் பொள்ளாச்சி, உடுமலை வழியாக 7 மணிக்கு அடிவாரம். வழியில் டிபனுக்கு நிறுத்தினால் அரை மணி போய்விடும், அந்த அரை மணியில்தான் டூரிஸ்ட் பஸ்களும் வந்து சேரும். அம்மா மாத்திரை போடுபவர் என்றால் இட்லி கட்டி எடுத்து வந்து வண்டியிலேயே கொடுத்துவிடுங்க. மற்றவர்கள் இறங்கி வந்து சாப்பிடலாம்.

மலையைச் சுற்றி வரும் கிரிவீதிக்குள் காரை விட மாட்டார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 முதல் தனியார் வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. வெளியே பார்க்கிங்கில் விட்டுவிட்டு, கோயில் நிர்வாகம் இலவசமாக ஓட்டும் பேட்டரி வண்டியில் ஏறிக்கொள்ளலாம். அம்மாவை அதில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மற்ற வேலையைப் பாருங்க. வழியில் காரை மறித்து "சீக்கிரம் தரிசனம், பூஜைப் பை" என்று பேசுபவர்களிடம் நிற்கவே வேண்டாம். டிக்கெட் எல்லாம் கவுன்டரிலேயே கிடைக்கும்.

ரோப் கார் காலை 7 மணிக்கு ஓட ஆரம்பிக்கும். தினமும் பகல் 1:30-லிருந்து 2:30 வரை பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். மாதத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்தம், வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் போல நிறுத்தம். அந்த வருடாந்திர நிறுத்தம் எந்த மாதம் என்பது ஒவ்வொரு வருஷமும் மாறும், அதனால் வெள்ளிக்கிழமையே தேவஸ்தானத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்க. பையனிடம் ஆசை காட்டிவிட்டுப் பூட்டின கதவு முன்னால் நிற்பது பாவம்.

அமராவதிக்கரை:
அம்மாவின் முழங்காலை மட்டும் வைத்துச் சொல்கிறேன். இரண்டிலும் உட்கார்ந்துதான் போகப் போகிறார்கள். ரோப் காரில் மூன்று நிமிடம், விஞ்சில் எட்டு நிமிடம் போல. ஏறி இறங்கும் இடம்தான் வித்தியாசம்.

விஞ்ச் என்பது சரிவில் தண்டவாளம் போட்டு மேலிருந்து கம்பிக் கயிற்றால் இழுக்கும் வண்டி. வண்டியே படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், பிளாட்பாரமும் அப்படித்தான். கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போனால் அம்மா மேல் அடுக்குக்குப் போய் மாட்டிக்கொள்வார். கீழ் நிலையத்தில் நுழைந்ததும் முதலில் வரும் அடுக்கிலேயே ஏற்றிவிடுங்க. மேலே இறங்கும்போது அவசரப்படாமல் எல்லோரையும் விட்டுவிட்டுக் கடைசியாக இறங்கட்டும்.

ரோப் காரில் அந்த அடுக்குப் படி இல்லை. ஒரு பெட்டிக்கு நான்கு பேர். பெட்டி ஆடாமல் நின்ற பிறகுதான் ஏற்றுவார்கள், கதவை ஊழியரே வெளியிலிருந்து கொக்கி போடுவார். வெளிநாட்டு ரோப் கார் வீடியோக்களில் ஓடுகிற பெட்டிக்குள் தாவி ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள், இங்கே அந்தக் கவலை வேண்டாம். பெட்டிக்குள் கால் வைக்கும்போது அம்மா முதலில், அவருக்கு எதிரே நீங்கள், கடைசியில் பையன். பையனை முதலில் விட்டால் அவன் ஓடிப்போய் ஓரத்தில் உட்காருவான், பெட்டி சாயும், அம்மா கை நடுங்கும்.

எதில் போனாலும் மேல் நிலையத்திலிருந்து சன்னதி வரை நடையும் சில படிகளும் உண்டு. படிப்பாதையின் 693 படி மிச்சம் என்பதுதான் லாபம், படியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சக்கர நாற்காலி வேண்டும் என்றால் ஏறும் முன்பே கீழ் நிலையத்தில் சொல்லி வையுங்க. யானைப்பாதை சாய்வானது என்று சிலர் சொல்வார்கள், தேய்மானம் உள்ளவருக்கு அதுவும் ஆகாது. ஏறுவதை விட இறங்கும்போதுதான் முழங்காலில் அடி விழும்.

பிரகாரத்துக் கல் 11 மணிக்கு மேல் கொதிக்கும். நடுவில் கயிற்று மிதியடி விரித்திருக்கும் இடமாகப் பார்த்து நடத்திக் கூட்டிப் போங்க.

பொள்ளாச்சி ரோடு:
ரொம்ப நன்றிங்க. கோயிலுக்கு போன் போட்டேன், சனிக்கிழமை ரோப் கார் ஓடும்னு சொன்னாங்க. ஆனா காத்து அடிச்சா நிறுத்திடுவோம்னும் சொன்னாங்க. அப்படி நிறுத்தினா எவ்வளவு நேரம் ஆகும்? வரிசையில் எவ்வளவு நேரம் நிக்கணும்னு முன்கூட்டியே கணக்குப் போட வழி இருக்கா?

கம்பியும் கப்பியும்:
கணக்குப் போடலாம். பழனி ரோப் காரில் பெட்டிகள் கயிற்றோடு நிலையாகப் பிணைக்கப்பட்டவை. நான்கு பெட்டி கொண்ட ஒரு தொகுதி மேலே போகும்போது மறு பக்கத்தில் நான்கு பெட்டி கீழே வரும். ஒன்றின் எடை மற்றொன்றைச் சமன் செய்வதால் மோட்டாருக்கு இழுவை குறைகிறது. மேல் நிலையத்தில் ஒரு பாட்டி இறங்க ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்தால் கீழே உள்ள தொகுதியும் அந்த ஒரு நிமிடம் நின்றே ஆக வேண்டும், இரண்டும் ஒரே கயிறு. அதனால் கூட்டம் கூடினாலும் வேகத்தைக் கூட்ட முடியாது.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு பக்கம் அதிகபட்சம் 16 பேர். எடையைப் பார்த்து 13, 14 பேரோடும் அனுப்பிவிடுவார்கள். ஏற்றி இறக்கும் நேரமும் சேர்த்து ஓர் ஓட்டத்துக்கு 5, 6 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் 150 பேர் நின்றால் பதினோரு ஓட்டம், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். சாதாரண வரிசை, சிறப்பு வரிசை என்று இரண்டு கட்டணம் உண்டு, இரண்டுமே ஒரு வழிக்குத்தான், இரண்டுமே சில பத்து ரூபாய்க்குள். சிறப்பு டிக்கெட் வாங்கினாலும் பெட்டி அதே பெட்டிதான். முன்னால் நிற்பவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காற்று விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனியிலும் ஆடியிலும் இந்தப் பக்கம் பலமாக வீசும். பெட்டி பக்கவாட்டில் ஆடினால் கம்பத்தை உரசும் அபாயம் உண்டு, கயிறு கப்பியின் பள்ளத்தை விட்டு நழுவும் அபாயமும் உண்டு. காற்று ஒரு அளவைத் தாண்டினால் நிறுத்திவிடுவது இதனால்தான். பத்து நிமிடத்தில் திரும்ப ஓடலாம், அன்று முழுக்க ஓடாமலும் போகலாம். காற்று மாதங்களில் பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும், ஆகவே காலை 7 மணி ஓட்டம் பெரும்பாலும் கிடைத்துவிடும், 11 மணி ஓட்டத்தை நம்ப முடியாது. மேலே போனதும் கொடி பறக்கும் வேகத்தைக் கவனியுங்கள். துணி விறைத்து நின்று படபடவென்று அடித்தால் பஞ்சாமிர்தம், போட்டோ என்று தாமதிக்காமல் இறங்கும் வரிசைக்கு வந்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். 2004-ல் ஓடத் தொடங்கிய இந்த ரோப் காரில் 2007-ல் உயிர்ச்சேதத்தோடு ஒரு விபத்து நடந்தது. இன்று அந்த மாதாந்திர, வருடாந்திர நிறுத்தங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். வருடாந்திரப் பணியில் கயிறு, ஷாஃப்ட், பேரிங், கப்பி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துத் தேய்ந்ததை மாற்றுவார்கள். பிறகு பெட்டிகளில் எடைக்கல் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகே ஆள் ஏற்றுவார்கள். ஊழியர் "இந்தப் பெட்டிக்கு மூன்று பேர் போதும்" என்றால் குடும்பத்தைப் பிரிக்காதே என்று வாதாட வேண்டாம். அடுத்த பெட்டியும் உங்கள் பின்னாலேயே வந்துவிடும்.

கிரிவீதி:
மேலே சொன்னதோடு சேர்த்துச் செருப்பையும் போனையும் சொல்லிவிடுகிறேன். திட்டம் போட்டு வருபவர்கள்கூட இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலில் போனுக்கும் கேமராவுக்கும் தடை. படிப்பாதை, விஞ்ச், ரோப் கார் மூன்று இடத்திலும் போன் வாங்கி வைக்கும் கவுன்டர் இருக்கிறது, ஒரு போனுக்கு 5 ரூபாய், டோக்கன் தருவார்கள். கொடுத்த கவுன்டரில்தான் திரும்ப வாங்க முடியும். விஞ்ச் நிலையம் இருப்பது மேற்குக் கிரிவீதியில், ரோப் கார் நிலையம் மலையின் வேறு பக்கம். "ரோப் காரில் ஏறி விஞ்சில் இறங்கலாம், இரண்டையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. போன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். செருப்பும் அங்கேயே கிடந்தால் சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு கிரிவீதியைச் சுற்ற வேண்டியதுதான். முழுச் சுற்று இரண்டரை கிலோமீட்டர்.

செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டு வருவது நல்லது. பேட்டரி வண்டியில் வருவதால் அம்மாவுக்கும் நடை அதிகம் இருக்காது. போன்களில் ஒன்றை மட்டும் கொண்டு வாருங்க, மற்றவை காரின் டேஷ்போர்டில் கண்ணில் படாமல் இருக்கட்டும். அப்படியும் காற்றினால் ரோப் கார் நின்று விஞ்சில் இறங்க நேர்ந்தால், அம்மாவையும் பையனையும் விஞ்ச் நிலையத்திலேயே உட்கார வைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேட்டரி வண்டியில் போய் டோக்கனைக் காட்டி வாங்கி வரலாம்.

மேலே போன் இல்லாததால் ஒருவரை ஒருவர் தவறவிட்டால் தேடுவது கஷ்டம். ஏறும் முன்பே "கூட்டத்தில் பிரிந்தால் ரோப் கார் மேல் நிலைய வாசல்" என்று பையனுக்குச் சொல்லி, அவன் சட்டைப் பையில் உங்கள் நம்பரை எழுதி வையுங்க. ஒருவர் கையிலாவது கைக்கடிகாரம் இருக்கணும். 1:30 நிறுத்தத்துக்குக் கால் மணி முன்னால் வரிசைக்கு வந்தால் போதும் என்று நினைக்காதீங்க, 12:30-க்கே இறங்கும் வரிசையில் நில்லுங்க.

பூஜை நேரமும் முக்கியம். சிறுகாலசந்தி 8 மணி, காலசந்தி 9 மணி, உச்சிக்காலம் 12 மணி. அபிஷேகம், அலங்காரம் நடக்கும்போது திரை போட்டுவிடுவார்கள், வரிசை நகராது. 7:15-க்கு மேலே போய்விட்டால் 8 மணிக்கு முன்பே சன்னதியை நெருங்கிவிடலாம். தரிசனம் முடிந்ததும் போகர் சன்னதி, பிறகு அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பையனைப் பிரகாரச் சுவர் ஓரம் கூட்டிப் போங்க. தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர் முழுசாகத் தெரியும். பக்கத்தில் இடும்பன் மலையையும் காட்டி, இடும்பன் காவடி தூக்கிய கதையை அங்கேயே நின்று சொல்லுங்க. காவடித் தண்டின் இரண்டு பக்கமும் தொங்கின மலை எது எது என்று அவனே கை காட்டுவான்.

பசித்தால் மலையிலேயே நாள் முழுக்க அன்னதானம் உண்டு.

அமராவதிக்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. இறங்கின பிறகு நேரம் இருந்தால் திருஆவினன்குடிக்குப் போகாமல் வராதீங்க. மூன்றாம் படைவீடு என்று சொல்லப்படுவது அடிவாரத்திலுள்ள அந்தக் கோயில்தான். முதலில் அங்கே கும்பிட்டுவிட்டு மலை ஏறுவது முறை, ஆனால் உங்கள் நேரத்துக்கும் அம்மா காலுக்கும் ரோப் கார் வரிசை முதலில் என்பதே சரி. சமதரைக் கோயில், அரை மணி போதும்.

பஞ்சாமிர்தத்தை மேலே வாங்கி டின்னைத் தூக்கிக்கொண்டு ரோப் கார் வரிசையில் நிற்க வேண்டாம், அடிவாரத்துத் தேவஸ்தான ஸ்டாலிலேயே வாங்கிக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது கோயில் பஞ்சாமிர்தத்துக்கு. மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய், அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, கெடாமல் இருப்பது அதனால்தான். வீட்டில் ஈரக் கரண்டியை விட்டால் இரண்டு நாளில் நுரைத்துப் புளிக்கும். வாங்கும்போது டப்பாவில் உள்ள தேதியைப் பாருங்க, மூடி உப்பியிருந்தால் மாற்றிக் கேளுங்க. கோவை வரை பின் டிக்கியில் வெயிலில் வேக விடாமல் அம்மா சீட்டுக்குக் கீழே வையுங்க.