புதுப்பிப்பு: எஸ்ஏ-516 கிரேடு 70 தகட்டில் மாங்கனீஸ் 1.28% – பிரச்சினை தீர்ந்தது

எஸ்ஏ-516 என்பது அழுத்தக் கலன்களுக்கான கார்பன் எஃகுத் தகட்டின் தரநிலை. அந்த வகை 20 மி.மீ. தகட்டின் மில் சர்ட்டிபிகேட்டில் (எஃகு ஆலை தரும் சோதனைச் சான்றில்) மாங்கனீஸ் 1.28% இருக்கிறது, வரம்பு 1.20% என்று சொல்லி இன்ஸ்பெக்டர் நிறுத்தி வைத்ததைக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“எஸ்ஏ-516 அட்டவணையின் அடிக்குறிப்பைப் படியுங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. கார்பன் உச்ச வரம்பைவிட ஒவ்வொரு 0.01% குறையும்போதும் மாங்கனீஸ் 0.06% கூடலாம், ஹீட் அனாலிசிஸில் (உருக்கிய எஃகின் மாதிரியில் செய்யும் சோதனையில்) 1.50% வரை. இந்தத் தடிமனுக்குக் கார்பன் வரம்பு 0.28%, எங்களுடையது 0.18%. தாராளமாக இடம் இருக்கிறது. பக்கத்தைக் காட்டியதும் இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். மறுபரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் காசுதான் வீண்.

அப்புறம் அவரே எஸ்ஏ-20ஐ (இத்தகைய தகடுகளுக்கான பொது விதிகள் உள்ள தரநிலையை) புரட்டி, காப்பர், நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கூட்டுத்தொகை 1.00%-க்குள் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்து 0.32% தாண்டக் கூடாது என்பது எனக்குப் புதுச் செய்தி.

எதிர்பாராதது இன்னொன்று: ஹீட் நம்பரின் (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்ணின்) கடைசி இலக்கம் சர்ட்டிபிகேட்டில் 3, தகட்டில் 8. வயிறு கலங்கிவிட்டது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தகட்டில் அடித்த பஞ்ச் குறியில் சாக்பீஸ் தடவிப் பார்த்தால் 3-தான். துரு செய்த வேலை.

இன்று தகடு வெட்டப் போயிருக்கிறது.