புதுப்பிப்பு: ஆயில் சூடும் பிரஷரும், கூலர் போட்ட பிறகு

போன பதிவில் நான் கேட்டது: சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சில சுற்றிலேயே என் வண்டியின் இன்ஜின் ஆயில் 135 டிகிரியைத் தொடுகிறது, நீண்ட வளைவில் பிரஷர் முள் படக்கென்று விழுகிறது, என்ன செய்யலாம்? பலர் இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னீர்கள். ஊற்றவில்லை, இரண்டும் தனித்தனிப் பிரச்சினை.

சூட்டுக்கு, தெர்மோஸ்டாட் (ஆயில் சூடான பிறகே கூலருக்குத் திறந்துவிடும் வால்வு) உள்ள ஆயில் கூலர் போட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் தஞ்சாவூரில் கிளம்பி கும்பகோணம் தாண்டினாலும் ஆயில் சரியாகச் சூடேறாது. கூலருக்கு ஆயில் போய்வரும் ஹோஸுக்கு, அறுவடை மெஷின்களுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போனேன். குறுவை அறுப்பு நேரம், வாசலெல்லாம் சேறு காயாத மெஷின்கள். கடைக்காரர் ஹோஸின் மேல் அச்சடித்திருந்ததைக் காட்டி, “தம்பி, இது நூறு டிகிரிதான் தாங்கும், உங்க வண்டிக்கு ஆகாது” என்று வியாபாரத்தையே மறுத்தார். அப்புறம் 150 தாங்கும் ரகத்தை வரவழைத்து இணைப்பு முனைகளைப் பிரெஸ் பண்ணிக் கொடுத்தார். இப்படி ஆள் கிடைப்பது அபூர்வம்.

வளைவில் விழும் பிரஷருக்குக் கூலரால் பலனில்லை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை இழுக்கிறது; பேரிங் போவது இப்படித்தான். சம்ப்பைக் கழற்றி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடு வெல்டிங் செய்தோம். எனது இரும்பு சம்ப், வேலை சுலபம். அலுமினியம் என்றால் டிக் வெல்டிங் கைவந்த ஆள் வேண்டும்.

சரி, பலன்? முன்பிருந்த அதே 5டபிள்யூ-40 ரக ஆயில். மதிய வெயிலிலும் 118 டிகிரியைத் தாண்டவில்லை. 6000 ஆர்பிஎம்மில் பிரஷர் 4 பார். வளைவில் முள் லேசாக ஆடுகிறது, விழுவதில்லை. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் தராமல் இன்ஜின் ஓடும்போது) 1 பாருக்கு இறங்குகிறது, சூடான ஆயிலுக்கு அது சகஜம்.