ஒரு பக்க மூக்குல மட்டும் சளி வந்தா…

விருதுநகர் அம்மா
பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு. வலது மூக்குல மட்டும் சளி, பக்கத்துல படுக்க முடியாத நாத்தம். தெருமுனை டாக்டர் ஒவ்வொரு தடவையும் சளி சிரப் எழுதிக் கொடுத்தாரே தவிர, மூக்குக்குள்ள லைட் அடிச்சுப் பார்க்கவே இல்ல. அதுதான் இன்னைக்கும் மனசு ஆறல. இஎன்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "ஒரு பக்கம் மட்டும்தானா?" என் மடியில உக்கார வச்சு, கை காலை நான் பிடிச்சுக்க, நர்ஸம்மா தலையைப் பிடிக்க, நுனி வளைஞ்ச கம்பியை விட்டு இழுத்தார். மெத்தையில பிச்ச ஸ்பாஞ்சுத் துண்டு! ஊறிக் கறுத்துப்போய் தட்டுல விழுந்ததும் ரூமே நாறுச்சு. பாப்பா அழுகையை நிறுத்திட்டு அதையே எட்டி எட்டிப் பார்த்தா.

கோவை தாத்தா
என் பேரன் போட்டுக்கிட்டது பட்டாணி. டாக்டர் மருமகளையே ஊதச் சொன்னார். அடைக்காத மூக்கை விரலால அமுக்கி, வாயோட வாய் வச்சு ஒரே ஊது. பட்டாணி மருமக கன்னத்துல வந்து ஒட்டுச்சு! இதுக்குப் போய் கம்பி எதுக்கு? வீட்டுலயே முடிச்சிடலாம்.

திருச்சி நர்ஸ்
ஐயா கோவிச்சுக்காதீங்க. உங்க பேரனுக்கு டாக்டர் முன்னாடி செஞ்சது சரி. ஆனா உள்ள போனது என்னன்னு தெரியாம வீட்டுல நேரத்தைக் கடத்தக் கூடாது. எங்க வார்டுக்கு ஒரு பையன் வந்தான், மூக்குல கறுப்பா ஒழுகுச்சு. பொம்மையில இருந்த பட்டன் பேட்டரி. எடுத்ததும் பார்த்தா, ரெண்டு மூக்குக்கும் நடுவுல இருக்குற சுவரே வெந்து போயிருந்துச்சு. ஈரம் பட்டா பேட்டரியில கரண்ட் ஓடி, சுத்தி அரிக்கிற காரம் (ஆல்கலி) உண்டாகும், சில மணி நேரத்துலயே சதையை அரிச்சிடும். சந்தேகம் இருந்தா ராத்திரின்னும் பார்க்காம கிளம்புங்க. சொட்டு மருந்து, உப்புத் தண்ணி எதுவும் விடாதீங்க. எக்ஸ்ரேயில காசு மாதிரிதான் தெரியும், ஆனா ஓரத்துல ரெட்டை வட்டம் இருக்கும். ரிமோட், விளையாட்டுச் சாமான் எல்லாத்துலயும் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. பிள்ளையைப் பிடிச்சு வச்சு வீட்டுச் சாமணத்தால நோண்டவும் வேண்டாம், வழுக்கி இன்னும் உள்ள போகும்.

சேலம் அப்பா
எங்களுக்கு மூக்கு இல்ல, காது. யூகேஜி மிஸ் "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கறான்"னு டைரியில எழுதிக்கிட்டே இருந்தாங்க. வலி இல்ல, சீழ் இல்ல. காது டெஸ்ட்ல, சத்தம் கேட்டா கட்டையை டப்பாவுல போடணும். டெஸ்ட் எடுக்குற பொண்ணு சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறாங்க. இவன் கட்டையைக் காதோரமா வச்சுக்கிட்டு, சமத்தா, காத்துக்கிட்டே இருந்தான். எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டுங்கற சதை வீங்கி, செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருந்துச்சு. மூணு மாசம் பார்த்தும் வடியல. அடினாய்டை எடுத்து, காதுல குட்டிக் குழாய் வச்சாங்க.

நெல்லை ஆச்சி
எங்க வீட்டுல நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடுவோம். எந்தப் பிள்ளைக்கும் ஆபரேஷன் வந்ததில்ல தம்பி.

சேலம் அப்பா
ஆச்சி, எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க. நீர் நிக்கறது செவிப்பறைக்கு உள்பக்கம். வெளியில இருந்து ஊத்துற எண்ணெய் அங்க போய்ச் சேராது. பறையில ஓட்டை இருந்தா போயிடும், அது இன்னும் ஆபத்து. மிஸ்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினேன். இப்ப அவனை முன் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க.